இன்னொரு கோடு

அலமாரிக் கதவு மூடவில்லை என்று
நர்ஸ் பிலவேந்திரி போன் செய்தாள்,
தக்காளி லாரிகள் ராயக்கோட்டை மண்டியை
அடைத்துக்கொண்டு நின்ற காலையில்.
மேலே ஒட்டுகிறதாம்.
கீழே சுண்டுவிரல் போகிறதாம்.

சுவர் கோணல், என்றேன்.
கொத்தனார் திம்மராயனைக் கேள், என்றேன்.
அவர் காதுக்கும் போயிற்று.
டீக்கடையில் பத்துப் பேர் கேட்க
"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"
என்றாராம்.

ராத்திரி தூக்கம் பிடிக்காமல் ஷெட்டைத் திறந்தேன்.
ஓசூரில் வாங்கிய மூலைமட்டம்,
பித்தளை பதித்தது, நானூற்றெண்பது ரூபாய்.
போன வருஷம் ஒருதரம் கை நழுவித் தரையில் விழுந்தது.
எடுத்தேன், முந்தானையில் துடைத்தேன்,
ஆணியில் மாட்டினேன்.
அவ்வளவுதான் நடந்த விசாரணை.

மூலைமட்டத்தைச் சோதிக்க
பலகை ஓரம் நேராக இருக்க வேண்டும்.
ஓரம் நேரா என்று பார்க்க
நேர்ச்சட்டம் வேண்டும்.
சட்டம் நேரா என்று சொல்ல
யார் வேண்டும்?

பர்கூர்ப் பக்கம் கல் பாலிஷ் பட்டறையில்
உடைந்த கிரானைட் துண்டைச் சும்மா கொடுத்தார்கள்.
முகம் தெரிந்தது, மூக்குத்தி வரை.
ஆனால் மினுக்கம் வேறு, மட்டம் வேறு.
அதையும் யாரோ சொல்லித்தான் நம்ப வேண்டும்.
வாசற்படிக்குப் போட்டுவிட்டேன்.

மூன்று தேக்குச் சட்டங்கள்.
சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று.
ஒன்றையும் இரண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
முட்டுகிற இடத்தைச் சீவி, மறுபடி பிடித்து,
சீவி,
கசிவு நின்றது.
மூன்றை இரண்டுக்குப் பொருத்தினேன். அதுவும் இருட்டு.
அதோடு படுத்திருக்கலாம்.

ஒன்றின் மேல் மூன்றை வைத்தேன்.
நடுவில் முட்டிக்கொண்டு
இரண்டு முனையிலும் வெளிச்சம்!
ஒன்றின் தொப்பையை இரண்டின் குழி
இத்தனை நேரம் மறைத்து வைத்திருந்திருக்கிறது.
ரெண்டு பேர் ஒத்துப்போனால்
வளைவும் நேர்தான்.

பெங்களூர் ரயில் போகையில் ஷெட் அதிரும்.
இழைப்புளியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பேன்.
சீவல் வெங்காயத் தோலாயிற்று,
பிறகு சீவலே இல்லை, தூசு.
மூன்றாம் நாள்
எந்த ஜோடியிலும் வெளிச்சம் இல்லை.

அப்புறம் பலகை ஓரம்.
அப்புறம் நம் பித்தளைக்காரர்.
கூர் சீவிய பென்சிலால் ஒரு கோடு.
புரட்டிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொன்று.
அடியில் ஒன்றாய்ப் புறப்பட்டவை
போகப் போக விலகி
ஒரு அடி தாண்டுகையில் ஒரு நூல் இடைவெளி.
புரட்டினால் பிழை இரட்டிப்பாய்த் தெரியும்,
பாதிதான் நிஜம்.
அரை நூல்தானே என்றால்
ஆறடிக் கதவுக்கு மூன்று நூல்.
சுண்டுவிரல் போகாமல் என்ன செய்யும்.

புதிதாய் ஒன்று செய்தேன்.
வாகையில் கட்டை, தேக்கில் நாக்கு.
பசை காய்கிறபோது தன் இஷ்டத்துக்கு
ஒரு மயிரிழை நகர்ந்துகொண்டது.
அரம், உப்புத்தாள், பென்சில்,
புரட்டல், அரம்.
ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது,
சோறு கூட உலையிலேயே குழைந்தது.

திங்களன்று பிலவேந்திரி வீட்டில்
திம்மராயனும் இருந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.
சுவர் மூலையில் வைத்துப் பார்த்தேன்.
சுவரிலும் கால் நூல் இருந்தது.
வாய் வரை வந்தது.
கதவைக் கழற்றிக் கீழே சாய்த்துவிட்டு
"கோணல் என்னோடது" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வெறும் மரம்தானே என்பதுபோல் அதை வாங்கிப் பார்த்தார்,
மிச்சக் கிடந்த டைல்ஸ் ஓரத்தில் வைத்தார்,
காதிடுக்குப் பென்சிலை எடுத்துக் கிழித்தார்.
யாரும் சொல்லாமலே புரட்டினார்.
மறுபடி கிழித்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
டைல்ஸைச் சன்னல் பக்கம் சாய்த்து
வெகு நேரம் தேடினார்.

"ஏம்மா,
இன்னொரு கோடு எங்க?"